கூடிச் செய்யும் வீட்டுவேலை

“வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்” என்பது நம்மவர் வாயில் நெடுங்காலமாக வழங்கிவரும் பழமொழி. இரண்டும் கைப்பொருளைக் கரைப்பன என்பதே இதற்குப் பெரும்பாலார் கூறும் பொருள். ஆயினும் இவ்விரண்டுக்கும் இடையே பெரியதொரு வேறுபாடு உண்டு. கலியாணம் ஓரிரு நாளில் முடிந்துவிடும். வீடோ ஒருபோதும் முடிவதில்லை. குடிபுகுந்த மறு ஆண்டே மாரி மழைக்குக் கதவு ஊதி இறுகும். சுவரிற் பாசி படரும். ஓடு ஒன்று விலகி ஒழுக்கு விழும். கிணற்றடி வாய்க்கால் உடைந்து நீர் தேங்கும். வீட்டில் மனிதர் வாழும்வரை அதனைச் செப்பனிடும் வேலையும் இருந்துகொண்டே இருக்கும்.

அவ்வேலையை யார் செய்வது என்பதே இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட விடயம். கையிற் காசுள்ளவர் கூலிக்கு ஆள் பிடிப்பர். அதிற் குற்றம் யாதும் இல்லை. ஆயின், வீட்டிலுள்ளார் அனைவரும் கூடித் தம் கையாற் செய்யத்தக்க சில வேலைகளையேனும் பிறரிடம் விடாது தாமே செய்தல் வேண்டும் என்பது எமது கருத்து. அதனால் வீடு அடையும் நன்மையினும் வீட்டார் அடையும் நன்மை பெரிது என்பதை வாசகர் முன் வைக்க விரும்புகிறோம்.

யாழ்ப்பாணக் குடாநாட்டில் வேலியடைப்பைக் கண்டு வளர்ந்தவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை. காணாத இளையோர் பொருட்டுச் சிறிது சொல்வோம். பூவரசு, கிளுவை, முள்முருக்கு முதலியவற்றின் கதியால்களை எல்லை நெடுக நட்டு, அவற்றோடு தென்னங்கிடுகையோ பனையோலையையோ வைத்துக் கட்டுவதே வேலி. ஓலை வெயிலாலும் மழையாலும் உக்கிப் போகுமாதலின், ஓரிரு ஆண்டுகளுக்கு ஒருமுறை பழையதைப் பிரித்துப் புதியதைக் கட்ட வேண்டும். கதியாலில் வெட்டிய குழை ஆட்டுக்குப் போகும். பிரித்த உக்கல் ஓலை தோட்டத்திற் பசளையாகத் தாழும். அதற்குச் சில நாட்கள் முன்னரே தென்னோலையைக் கிழித்து நீரில் ஊறவைத்துப் பெண்கள் கிடுகு பின்னியிருப்பர். சிறுவர் ஓலை இழுத்துக் கொடுப்பர். இவ்வாறு ஒரு வேலையின் சுற்றிலே வீடு முழுவதும் நின்றது.

வேலி கட்டுவோர் கையிலுள்ள கருவி குத்தூசி. துளையுடைய நீண்ட ஊசி அது. வளவின் உட்புறம் நிற்பவர் கயிறு கோத்த குத்தூசியை ஓலையினூடாக வெளியே குத்துவார். வெளிப்புறம் நிற்பவர் கயிற்றை வாங்கிச் சுற்றி, மீண்டும் ஊசியிற் கோத்து உள்ளே அனுப்புவார். உட்புறத்தார் இழுத்து இறுக்கி முடிவார். இருவருக்கும் இடையே ஓலை மறைப்பு. ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. “இழு தம்பி”, “பொறுங்கோ அப்பு, கயிறு சிக்குது”, “இன்னும் கொஞ்சம் மேலை குத்துங்கோ” என்று வாய்ச்சொல்லாலேயே வேலை ஓடும். எத்துணைக் கெட்டிக்காரனாயினும் தனியே வேலி கட்டப் புகுந்தவன் ஒவ்வொரு முடிச்சுக்கும் படலையைச் சுற்றி ஓட வேண்டியவனே. ஆதலால் தந்தைக்கு மகன் வேண்டும். மகனில்லாத வீட்டில் மகளோ மனைவியோ வேண்டும். முதல்நாள் இரவு முகம் முறித்துக்கொண்ட தந்தையும் மகனும் மறுநாட் காலை ஒரே கயிற்றின் இரு தலைப்புகளையும் பிடித்து நின்றே ஆக வேண்டும். வேலியால் விளைந்த எல்லை வழக்குகள் நம் நாட்டில் மிகுதி என்பதையும் நாம் அறிவோம். அவை அயலாருக்கிடையே விளைந்தவை. வீட்டாரிடையே வேலி செய்த வேலை வேறு.

இன்று பல வளவுகளில் வேலி போய் மதில் எழுந்துவிட்டது. அதற்குத் தக்க காரணமும் உண்டு. ஓலை கிடைப்பது அரிதாயிற்று, கட்டுவாரும் அருகினர், ஆண்டுதோறும் செலவும் ஏறிற்று. மதில் ஒருமுறை கட்டினால் ஒரு தலைமுறைக்கு நிற்கும். மதிலை இடித்து மீண்டும் வேலி கட்டுங்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. வேலியோடு சேர்ந்து ஒரு குடும்பம் கூடி நின்ற அந்த இரண்டு மூன்று நாட்களும் போயின. அவற்றின் இடத்தில் நாம் வேறொன்றையும் வைக்கவில்லை என்பதே எமது கவலை. முன்னர்த் தேவை தானே நம்மைக் கூட்டிற்று. இனி நாமாகவே விரும்பிக் கூட வேண்டியிருக்கிறது.

கூடியிருப்பதற்கு வேலைதானா வேண்டும், சேர்ந்து உண்ணலாமே, சேர்ந்து தொலைக்காட்சி பார்க்கலாமே என்று சிலர் கேட்பர். சேர்ந்துண்ணல் மிக நன்று. ஆயின் வளர்ந்த பிள்ளைகளோடு பேசுவதில் ஓர் இடர்ப்பாடு உண்டு. நேருக்கு நேர் இருந்து கேட்கும் கேள்வி அவர்களுக்கு விசாரணையாகவே தோன்றும். மாலை வீடு திரும்பும் தந்தைக்கும் தனியார் கல்வி நிலையத்திலிருந்து களைத்து வரும் மகனுக்கும் இடையே நடக்கும் உரையாடலைச் செவிமடுத்துப் பாருங்கள். “சாப்பிட்டியா? படிச்சியா? எத்தனை புள்ளி?” இம்மூன்றுக்கும் மூன்று சொல்லில் விடையிறுத்துவிட்டுப் பிள்ளை தன் கைத்தொலைபேசியோடு அறைக்குட் புகுந்துவிடுகிறான்.

ஆசிரியத் தொழிலில் நாம் கண்ட உண்மை ஒன்றை இங்கே கூறலாம். மேசைக்கு எதிரே நிறுத்தி “என்ன நடந்தது?” என்று கேட்டால் நிலத்தைப் பார்த்து நிற்கும் மாணவன், பரிசளிப்பு விழாவுக்காக எம்மோடு சேர்ந்து கதிரை தூக்கும்போது, கேளாமலே தன் வீட்டுத் துயரத்தைச் சொல்லிவிடுவான். கண்களுக்கு வேறு வேலை இருக்கும்போது நாவின் கட்டு அவிழ்கிறது. இடையிடையே மௌனமாக இருந்தாலும் குறையாகத் தோன்றுவதில்லை, கை நடந்துகொண்டிருக்கிறதல்லவா? வேலிக்கு இப்புறமும் அப்புறமுமாக நின்ற தந்தையும் மகனும் முகம் பாராமலே எவ்வளவோ பேசியிருப்பர்.

பிள்ளைகளுக்கு வேலையிலே விருப்பமில்லை என்று முறையிடும் பெற்றோர் பலர். பிறவியிலே அவர்கள் அவ்வாறில்லை. 2006 ஆம் ஆண்டிலே பீலிக்ஸ் வார்னகன், மைக்கேல் டொமசெல்லோ என்னும் இரு ஆய்வாளர்கள் 18 மாதக் குழந்தைகளைக் கொண்டு ஒரு பரிசோதனை செய்து வெளியிட்டனர். முன்பின் அறியாத ஒருவர், கைக்கு எட்டாதபடி ஒரு பொருளைத் தவறவிடுவார்; அல்லது கைநிறையச் சுமையோடு அலுமாரிக் கதவைத் திறக்க இயலாது முட்டிக்கொண்டு நிற்பார். உதவு என்று யாரும் கேட்கவில்லை, பரிசும் இல்லை. அவ்வாறிருந்தும் 24 குழந்தைகளுள் 22 பேர் ஒருமுறையேனும் உதவினர். 2008 ஆம் ஆண்டில் அவ்விருவரும் வெளியிட்ட மற்றோர் ஆய்வு இதனினும் சிந்திக்கத்தக்கது. உதவியதற்காகக் கையில் ஒரு பொருளைப் பரிசாகப் பெற்ற 20 மாதக் குழந்தைகள், பின்னர்ப் பரிசில்லாத வேளையில், முன்பு பரிசே பெறாத குழந்தைகளிலும் குறைவாகவே உதவினர்.

இதிலிருந்து நாம் அறிவது யாது? தும்புக்கட்டையை இழுத்துக்கொண்டு தாயின் பின்னே திரியும் சிறுகுழந்தை விளையாடவில்லை. வேலையிற் பங்கு கேட்கிறது. “குழப்பாதே, அங்காலை போய் இரு” என்று நாம் அதனைத் துரத்துகிறோம். பத்தாண்டு கழித்து அதே பிள்ளையை “ஒரு உதவியும் செய்யமாட்டான்” என்று குறை கூறுகிறோம். குவாத்தமாலா நாட்டின் மாயா இனக் குடும்பங்களிடையே பல்லாண்டுகள் ஆராய்ந்த பார்பரா ரோகோவ் என்னும் அம்மையார், அங்கே பிள்ளைகள் பெரியோரின் வேலையிடத்திலேயே இருந்து, பார்த்து, இயன்றவிடத்துக் கைகொடுத்துக் கற்கின்றனர் என்று எழுதியுள்ளார். கிடுகு பின்னக் கற்ற நம் பாட்டிமாரும் வேறெவ்வாறு கற்றனர்? ஆகவே வீட்டு வேலைக்குப் பிள்ளைகளுக்குக் காசு கொடுக்கும் வழக்கத்தை நாம் விரும்பவில்லை. வீடு அவர்களுடையது. சொந்த வீட்டில் எவரும் கூலிக்காரரல்லர்.

இனி, எத்தகைய வேலையைத் தெரிந்தெடுப்பது? மூன்று இலக்கணம் கூறுவோம். முதலாவது, அது வீட்டுக்கு உண்மையில் வேண்டிய வேலையாக இருத்தல் வேண்டும். பிள்ளையை ஈடுபடுத்துவதற்கென்றே புனைந்த வேலையைப் பிள்ளை உடனே கண்டுகொள்ளும். இரண்டாவது, ஒவ்வொருவருக்கும் அவரவர் வலிமைக்கேற்ற பங்கு அதில் இருக்க வேண்டும். ஒருவர் செய்ய நால்வர் பார்த்து நிற்கும் வேலை உதவாது. மூன்றாவது, ஒரு நாளிலோ இரண்டு நாளிலோ முடிக்கத்தக்கதாக இருத்தல் வேண்டும். 2012 ஆம் ஆண்டில் அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் நோர்ட்டனும் அவருடைய துணைவர் இருவரும் வெளியிட்ட ஆய்வொன்று இங்கே பொருந்தும். தாமே பூட்டிய பெட்டியையும் தாமே மடித்த கடதாசி உருவத்தையும் மனிதர் அவற்றின் தகுதிக்கு மேலாக மதிக்கின்றனர் என்பதே அவர்கள் கண்டது. ஆயின் வேலையை முடிக்காது விட்டவரிடத்தில் அம்மதிப்புத் தோன்றவில்லை. அரைகுறையாக நிற்கும் சுவர் குடும்பத்தைச் சேர்ப்பதற்குப் பதிலாகத் தினமும் ஒரு சச்சரவைத் தரும்.

உதாரணமாகத் தைப்பொங்கலுக்கு முன் ஓர் அறைக்குச் சுண்ணாம்பு அடிப்பதை எடுத்துக்கொள்வோம். நமது குடாநாட்டின் அடிநிலமே சுண்ணக்கல்லாதலின் சுண்ணாம்பு நமக்குப் புதிய பொருளன்று. நீற்றிய சுண்ணாம்பை முதல்நாளே நீரிற் கரைத்து ஊறவிட்டு, மறுநாள் துணியில் வடித்துப் பால்போல் நீர்க்கக் கலக்க வேண்டும். சுவரைத் துடைத்து, சற்று நீர் தெளித்து ஈரமாக்கியபின் மெல்லியதாகப் பூச வேண்டும். பூசும்போது வெளிறித் தோன்றும் பூச்சு காயக்காய வெண்மை பெறும். காற்றிலுள்ள கரியமிலவாயுவை ஏற்றுச் சுண்ணாம்பு மீண்டும் கல்லின் தன்மையை அடைவதே அதற்குக் காரணம். விஞ்ஞானப் பாடத்தில் இதனை மனனஞ் செய்த பிள்ளை தன் அறைச் சுவரிலே கண்ணாற் காண்பது சிறுபயனன்று. தடிப்பாக ஒருமுறை பூசினால் பொருக்கு விட்டு உதிரும். மெல்லியதாக இரண்டு மூன்று முறை பூசுவதே முறை. எண்ணெய்ப் பெயின்ற் அடித்த சுவரில் சுண்ணாம்பு பிடியாது என்பதையும் நினைவிற் கொள்க. சிறிய பிள்ளைக்குச் சுவரின் கீழ்ப்பகுதியைத் துடைக்கும் வேலை. பெரியவளுக்கு மட்டம் பார்த்துக் கோடிடும் வேலை. பாட்டிக்குக் கலவையின் பதம் சொல்லும் அதிகாரம். சுண்ணாம்பு கண்ணில் தெறித்தால் பெருந்தீங்கு விளைக்குமாதலின், கரைப்பதும் உயரத்திற் பூசுவதும் பெரியோருக்கே உரியன.

சுண்ணாம்பு வேண்டாதார் படிக்கும் பிள்ளைக்கு ஒரு புத்தகத் தட்டுச் செய்யலாம். முக்கால் அங்குலப் பலகை மூன்று அடிக்கு மேல் நீண்டால் நூல்களின் பாரத்தால் நடுவே வளையும். ஆதலால் இடையில் ஒரு தாங்கல் வேண்டும். எங்கே வைப்பது, எத்தனை அங்குலம் விடுவது என்று அளக்கும்போது, பின்னத்தைக் கண்டு அஞ்சிய பிள்ளையும் பின்னத்தைக் கையாளக் காண்போம். அன்றேல் கிணற்றடி வாய்க்காலைத் திருத்தி அதன் முடிவில் நாலு வாழைக்குட்டி வைக்கலாம். அதன் பயன் அடுத்த ஆண்டு குலையாகத் தொங்கும்.

இவையெல்லாவற்றிலும் அவசியமானதும் செலவற்றதுமான ஒரு வேலை உண்டு. கூரைப் பீலியிற் சருகு அடைத்து நீர் தேங்காதபடி துப்புரவு செய்வதும், வளவிலுள்ள சிரட்டை, ரயர், பூச்சாடித் தட்டு ஆகியவற்றின் நீரை ஊற்றிவிடுவதுமே அது. 2017 ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 1,86,000 பேருக்கு மேல் டெங்குக் காய்ச்சலுக்கு ஆளானதாகப் பதிவாயிற்று. டெங்கு நுளம்பு முட்டையிலிருந்து சிறகு முளைத்துப் பறக்க ஏறக்குறைய ஒரு வாரம் போதும். ஆகவே ஞாயிறுதோறும் அரைமணி நேரம் வீட்டார் கூடி வளவைச் சுற்றினால் அதன் வளர்ச்சியை இடையில் அறுத்துவிடலாம். நீர் தேங்குமிடத்தைக் கண்டுபிடிப்பதிற் பெரியவரின் கண்ணிலும் எட்டு வயதுப் பிள்ளையின் கண் கூர்மையானது.

செய்யத் தகாதவற்றையும் சொல்லுதல் கடன். பழைய பெயின்றைச் சுரண்டும் வேலையிற் பிள்ளைகளைச் சேர்த்தலாகாது. பெயின்றிலுள்ள ஈயத்தின் அளவுக்கு இலங்கையில் 2013 ஆம் ஆண்டு சனவரியிலேதான் சட்ட வரம்பு நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசிய கதவு யன்னல்களில் ஈயம் மிகுந்திருக்கலாம். அத்தூசு குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். அஸ்பெஸ்ரஸ் தகடுகளை வெட்டுதலும் துளையிடுதலும் உலர்ந்தபடி தேய்த்தலும் கூடா. அதன் இழை நுரையீரலிற் புகுந்தால் பல்லாண்டுகளின் பின்னும் கொடிய நோயைத் தரும். மின்சார வேலையும் கூரையில் ஏறும் வேலையும் பயின்றவருக்கே உரியன. ஓடாவியாரும் மேசனும் நம்மிலும் நன்றாகச் செய்வர். அவர்கள் பிழைப்பும் நடக்க வேண்டும். அவர்கள் வேலை செய்யும்போது பிள்ளையை அருகில் நின்று ஆணி எடுத்துக் கொடுக்க விடுங்கள். கைத்தொழிலாளரிடத்து மதிப்பு வளர அதனினும் நல்ல பாடம் இல்லை.

அடுத்து நாம் சொல்ல வருவதை ஆடவர் சற்று ஊன்றிப் படிக்க வேண்டுகிறோம். வீட்டார் எல்லோரும் கூடி வேலை செய்த நாள் என்று பெருமையோடு பேசப்படும் நாளில், அந்த வீட்டுத் தாய் எங்கே இருந்தாள்? காலையில் தேநீர், பத்து மணிக்கு மோர், மதியம் சோறும் மூன்று கறியும், மாலையில் மீண்டும் தேநீர், பின்னர் எல்லோரும் கை கழுவிச் சென்றபின் சுண்ணாம்புத் துளியைத் தரையிலிருந்து துடைத்தல். இவ்வாறாயின் குடும்பம் கூடவில்லை. தாய்க்கு வழமையிலும் இருமடங்கு வேலை கூடிற்று. ஆதலால் வேலைநாளன்று அடுப்புக்கு ஓய்வு கொடுங்கள். பாணும் சம்பலும் ஒரு நாளைக்குப் போதும். சம்பலை மகன் இடிக்கட்டும். தூரிகையைத் தாயின் கையிலும் தும்புக்கட்டையைத் தந்தையின் கையிலும் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். எந்தச் சுவருக்கு எந்த நிறம் என்பதை அவளே தீர்மானிக்கட்டும். நாளில் அதிக நேரம் அந்தச் சுவரைப் பார்ப்பவள் அவள்தான். பெண்பிள்ளைக்கு ஏணியும் சுத்தியலும் ஆகாவென்று விலக்குதலும் வேண்டாம். நாளை தன் வீட்டில் ஓர் ஆணி அறைய அவள் ஏன் ஒருவரை எதிர்பார்த்து நிற்க வேண்டும்?

மற்றொரு தடையும் உண்டு. அது தந்தையரின் பொறுமையின்மை. பிள்ளை பூசிய இடம் திட்டுத்திட்டாக இருக்கும். அறைந்த ஆணி வளையும். “விடு, நான் செய்யிறன்” என்ற ஒரு சொல் போதும், பிள்ளை தூரிகையை வைத்துவிட்டுப் போய்விடும். அடுத்தமுறை அழைத்தாலும் வராது. இன்னும் சிலர் பகலில் ஒன்றும் சொல்லாதிருந்து, பிள்ளை உறங்கியபின் எழுந்து அந்த இடத்தை மறுபடி பூசிவிடுவர். காலையில் அதைக் காணும் பிள்ளைக்கு அது வாய்ச்சொல்லிலும் கடுமையான தீர்ப்பு. எம் அயலிலுள்ள பெரியவர் ஒருவரின் வீட்டில் ஒரு புத்தகத் தட்டு அரை அங்குலம் சரிந்து நிற்கிறது. மகன் பன்னிரண்டு வயதிற் செய்தது. அம்மகன் இன்று பொறியியலாளன். வேற்று நாட்டில் இருக்கிறான். தச்சனை அழைத்து நேராக்கலாமே என்று கேட்டோருக்கு அவர் கூறிய விடை, “அது சரிஞ்சபடி நிக்கிறதாலைதான் அது அவன்ரை தட்டு” என்பது.

வீட்டின்மீது உரிமை எவ்வாறு உண்டாகிறது என்பதை எம் தலைமுறையினர் ஒருமுறை கண்கூடாகக் கண்டோம். 1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் வீடு விட்டு நடந்தனர். 1996 ஆம் ஆண்டிலே பலர் திரும்பியபோது, ஓடு இழந்த கூரையையும் கதவில்லாத நிலைகளையும் முற்றத்திற் பற்றையையும் கண்டனர். அன்று கூலிக்கு ஆளில்லை. கொடுக்கக் காசும் இல்லை. பாட்டன் முதல் பேரன் வரை பற்றை வெட்டினர், கிணறு இறைத்தனர், கிடைத்த தகரத்தைக் கூரையில் வைத்துக் கட்டினர். அத்துன்பம் ஒருவருக்கும் மீண்டும் வரவேண்டாம். ஆயின் அவ்வாறு கூடி மீட்ட வீட்டைப் பற்றி அப்பிள்ளைகள் இன்று பேசும்போது குரலில் ஒரு நெருக்கம் இருப்பதை நாம் கேட்கிறோம். எந்தச் சுவரில் எவர் கைபட்டது என்று அவர்களுக்குத் தெரியும்.

இன்று நம்மூரில் அழகிய வீடுகள் பல எழுந்துள்ளன. வெளிநாட்டிலுள்ள பிள்ளைகள் அனுப்பிய பணத்தில் மாபிள் தரையும் இரும்புப் படலையும் மாடியும் அமைந்துள்ளன. உள்ளே முதியவர் இருவர். பூட்டிய அறைகள் நான்கு. வேலையெல்லாம் ஒப்பந்தகாரர் செய்து முடித்துத் திறப்பைக் கையிற் கொடுத்துவிட்டார். பணம் அனுப்பிய பிள்ளைகளின் பாசத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. குளிரிலும் பனியிலும் உழைத்த காசு அது. அவர்களுக்கு ஒரு வேண்டுகோள் மட்டும் உண்டு. விடுமுறைக்கு ஊர் வரும்போது, நல்லூர்த் திருவிழாவுக்கும் கடற்கரைக்கும் போன நாட்கள் போக, ஒரு நாளையேனும் அந்த வீட்டுக்கு ஒதுக்குங்கள். அம்மா எட்டிப் பிடிக்கச் சிரமப்படும் கொடியைச் சற்றுத் தாழ்த்திக் கட்டுங்கள். குளியலறைச் சுவரில் அப்பா பிடித்து எழும்ப ஒரு கைபிடி பூட்டுங்கள். அங்கே பிறந்து தமிழைத் தட்டித் தடவிப் பேசும் பேரப்பிள்ளையைத் தாத்தாவுக்குத் திருகாணி எடுத்துக் கொடுக்க விடுங்கள். மொழி தெரியாவிட்டாலும் “அதைத் தா”, “இதைப் பிடி” என்பன போதும். அவை அந்தப் பிள்ளைக்கு வாழ்நாள் முழுவதும் மறவாத தமிழ்ச் சொற்களாகும்.

பெரிய திட்டம் எதுவும் வேண்டாம். இன்று மாலை வீட்டார் கூடியிருக்கும்போது, இந்த வீட்டிற் பழுதாய்க் கிடப்பது எது என்று ஒவ்வொருவரையும் ஒன்று சொல்லச் சொல்லுங்கள். பிள்ளைகள் சொல்வதை எழுதி வையுங்கள். நீங்கள் ஆறு மாதமாகக் கவனியாத ஒன்றை அவர்கள் சொல்வார்கள். அவற்றுட் சிறியதைத் தெரிந்து, வேண்டிய பொருளைச் சனிக்கிழமை வாங்கி வையுங்கள். வருகிற ஞாயிறு காலை, வெயில் ஏறுமுன் தொடங்குங்கள். கைத்தொலைபேசிகள் சாமான் அலுமாரியில் இருக்கட்டும், பெரியவர்களுடையதும் சேர்த்துத்தான்.